ஜாடியில் இல்லாத கல்

என் பெயர் நீல்டா பைனெமால். வயது நாற்பத்து நான்கு. கணவர் பெயர் ஒமார் குரின். தெற்குச் சிலியில் நுவேவா இம்பெரியால் ஊரில் வசிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. மருத்துவர் இக்னாசியா ரிஃபோ மீதான புகாரில் சாட்சியாக அழைக்கப்பட்டு, காவல் நிலையத்தில் இதைச் சொல்கிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் வயிற்றைக் கீறிப் பித்தப்பையை எடுத்தார்கள். அதிலிருந்த இருபத்திரண்டு கற்களும் ஜாம் ஜாடியில், மாதா படத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அதே வீட்டில் இருக்கும், அதேபோல் பித்தப்பையை எடுத்துவிட்ட என் நாத்தனார் எதெல்வீனாவின் ஜாடி அதற்கு அடுத்தது. எங்கள் குடும்பத்துப் பெண்களில் ஜாடி இல்லாதவர் இல்லை.

கடந்த மே நான்காம் தேதி வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. அதன் பிறகு கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, உள்ளங்கால் அரிப்பை முள்கரண்டியால் சொறிந்துகொண்டிருந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். பை போனாலும் பித்தக் குழாயில் கல் சேரலாம், இப்போது இரண்டு இருக்கின்றன என்றார் மருத்துவர் ரிஃபோ. அதன் பிறகு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் செலுத்தி, கற்களைக் குடலுக்குள் இழுத்துவிட்டார். மூன்றாம் நாள் வீடு திரும்பினேன்.

எதெல்வீனா என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"புதுத் தழும்பு எங்கடி?"

"வாய் வழியா எடுத்தாங்க, மதினி."

"சரி, கல்லு?"

"குடலோட போயிருமாம்."

"பையையே வெட்டி எடுத்தாச்சு, அப்புறம் ஏதுடி கல்லு? தூங்க வச்சு ஏமாத்தியிருக்கா அந்தச் சின்னப் பொண்ணு. நல்லவேளை, மூக்கை அறுக்காம விட்டுவச்சா."

மறுநாள் அவர் புகார் கொடுத்தார். விசாரணை முடியும்வரை மருத்துவர் ரிஃபோ இந்தக் குழாய்ச் சிகிச்சை செய்யக் கூடாது என்று மருத்துவமனையில் உத்தரவானது. மஞ்சள் போய் என் கண் வெளுத்ததை எல்லோரிடமும் காட்டினேன். அவர்கள் புதுக் கல் சேராத ஜாடியைப் பார்த்தார்கள்.

ஜூன் பதினொன்றாம் தேதி காலை, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த எதெல்வீனாவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. அவரைக் கண்ணாடி முன் நிறுத்தினேன். மஞ்சளாகியிருந்த தன் கண்களைப் பார்த்தார். தன் ஜாடியைப் பார்த்தார். மாவுக் கையோடு என்னுடன் மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

இந்தச் சிகிச்சை தெரிந்த வேறு மருத்துவர் இங்கே இல்லை, இந்தக் காய்ச்சலில் வேறு ஊருக்கு அனுப்பினால் உயிர் தாங்காது, புகார் கொடுத்தவரே சம்மதம் எழுதித் தந்தால் மருத்துவர் ரிஃபோ செய்யலாம் என்றார் மருத்துவமனைத் தலைவர். எதெல்வீனா எழுதினார். எழுத்து கோணியிருந்தது.

மருத்துவர் ரிஃபோ வந்தார்.

"என்னை நம்புறீங்களாம்மா?"

"இல்ல. ஆனா சாகவும் மனசில்ல. எடு."

சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் எதெல்வீனா கேட்டது: "கல்லு எங்க?"

மருத்துவர் இரண்டு எக்ஸ்ரே படங்களைக் காட்டினார். முதலாவதில் வெள்ளையாகத் தெரிந்த பித்தக் குழாய்க்குள் மூன்று கறுப்புப் பொட்டுகளாகக் கற்கள். இரண்டாவதில் வெறும் வெள்ளைக் கோடு. எதெல்வீனா நெடுநேரம் பார்த்தார்.

"இதை நான் வச்சுக்கலாமா?"

சில நாட்களில் அவர் கண்கள் வெளுத்தன. படங்கள் இப்போது மாதாவின் பக்கத்தில். அவருடைய ஜாடி கீழ்த்தட்டில்.

புகாரைத் திரும்பப் பெற எதெல்வீனா வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். பக்கத்திலிருக்கும் பெண்களிடம், "நல்லாப் பாருங்கடி, புதுசா ஒரு கீறலாவது இருக்கா?" என்று அவர் கேட்பது இந்த அறைக்குள் கேட்கிறது. அதையும் எழுதிக்கொள்ளும்படி அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நடந்தது இதுவே, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) நீல்டா பைனெமால்