தூள் போடாத காபி

திருமுல்கேரியிலிருந்து மாதாப்பூர் போகும் காலை பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கழுத்திலும் ஆபீஸ் அட்டை.

“நேத்து என் கடையில தூளே போடாம காபி வித்தேங்க,” என்றாள் மனைவி.

“கம்ப்யூட்டர் கேம்லதானே? வேலைய விட்டுட்டு நெஜமா காபிக் கடை வைக்கிறதுக்கு முன்னாடி, அதுல நடத்திப் பாருன்னுதான் சிடி வாங்கிக் குடுத்தேன். என்னாச்சு?”

“ஒருத்தர்கூட மூஞ்சியச் சுளிக்கல. வெறும் பாலைக் குடிச்சிட்டு சிரிச்சிட்டே போறாங்க.”

“கடை திவாலாச்சா, இல்லையா?”

“ஆச்சு. செவுத்துக்குப் புது பெயிண்ட் அடிக்கலையாம், அதுக்காக! காபி எப்படி இருக்குன்னு அங்க யாருக்குமே அக்கறை இல்ல. அந்தக் கேம் சொல்லி நான் கடை வைக்கிறத விடணுமா? டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியா இருந்தாலே டம்ளரைத் தள்ளி வெச்சிட்டு எந்திரிச்சுப் போறவரு நீங்க. உங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் நான் கடை போடறேன். வைகாசியில தொறக்கறேன்.”

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

“இன்னைக்குக் காலையில நீ போட்ட காபி எப்படி இருந்துச்சுன்னு சொல்லட்டா?”

“வேண்டாம். கழுவும்போது உங்க டம்ளரைப் பாத்தேன். ஒரு சொட்டு மிச்சமில்ல.”