சுல்தானின் தொட்டி

உப்புநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வதில் பாதி வேலை துணி அலசுவதுதான், இன்ஸ்பெக்டர் அம்மா. வடிகட்டிக்குள் போடுகிற துணி, கண்ணாடி துடைக்கிற துணி, தரையில் சிந்துவதை ஒற்றுகிற துணி. பதினாறு வருடத்தில் என் விரல் நுனிகள் வெந்த மரவள்ளிக் கிழங்கு மாதிரி ஆகிவிட்டன. கைரேகை எடுக்க உங்கள் ஆள் மூன்று முறை மை தடவ வேண்டியிருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பெயர் ரிஸிகி. ஷிமோனி படகுத்துறைக்கு மேலே உள்ள விடுதியில், சாப்பாட்டுக் கூடத்தின் பெரிய தொட்டி என் பொறுப்பு. வேண்டுமானால் நின்றபடி நான் உள்ளே குளிக்கலாம், அவ்வளவு ஆழம். நாற்பது மீன்கள் அதில் ஒன்றாக இருந்தன. ஒன்றாக என்றால் நட்பாக இல்லை. மீன்களுக்கு நட்பு கிடையாது. யாருக்கு எந்தப் பொந்து, யார் முதலில் சாப்பிடுவது என்று தெரிந்துவிட்டால் சண்டை அடங்கிவிடும். அதைத் தெரிய வைப்பதுதான் என் வேலை.

சுல்தான் ஒரு புள்ளிக் கிளாத்தி மீன். கறுப்பு உடம்பு, வயிற்றில் வெள்ளை வட்டங்கள், மஞ்சள் உதடு. பதினோரு வருடத்துக்கு முன் மீன்பிடிக்கிற கோம்போ அவனை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தான். அப்போது கட்டைவிரல் அளவு. இப்போது என் முழங்கை நீளம். காலையில் நான் கூடத்துக்குள் நுழைந்தால் கண்ணாடி ஓரமாகவே என்னோடு நீந்தி வருவான். கையை நீட்டினால் சாய்ந்து படுத்துக்கொண்டு தடவக் கொடுப்பான். என் மகள் ஜுஹூரா வீட்டு வேலைக்கு ரியாத் போய் ஒன்பது வருடம். முதல் இரண்டு வருடம் போன் செய்தாள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. கேட்டீர்கள், சொல்கிறேன்.

முட்டிண்டா சார் மார்ச் மாதம் எனக்கு மேலதிகாரியாக வந்தார். மலைநாட்டில் மச்சாக்கோஸ் பக்கத்து மனிதர். ஏரி மீன்களைப் பற்றிப் படித்தவர், இருபத்தைந்து வயதுக்குப் பிறகுதான் கடலைப் பார்த்தாராம். ஒரே வாரத்தில் எல்லோருடைய பெயரையும் தெரிந்துகொண்டார். அவர் அம்மா வீட்டு மரத்து மாம்பழம் எனக்கு ஒரு கூடை கொண்டுவந்தார். நல்ல மனிதர். அதை நான் மறுக்கவே இல்லை.

தொட்டியில் இன்னும் நிறம் வேண்டும் என்று பதினைந்து புது மீன்கள் வாங்கினார். ஒரு வாரத்தில் சுல்தான் அதில் ஏழு மீன்களைக் கொன்றுவிட்டான். கிளாத்தி முதலில் துடுப்பைக் கிழிக்கும், பிறகு கண்ணைக் கடிக்கும். காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஒற்றைக் கண்ணோடு சுற்றிக்கொண்டிருந்த ஒரு வண்ணத்துப்பூச்சி மீனைப் பார்த்து விருந்தாளியின் குழந்தை வாந்தி எடுத்தது.

கோம்போவுக்குச் சிரிப்பு. அடுத்த வாளியை இறக்கும்போது, "இந்தா அக்கா, ஒன் மாப்பிள்ளைக்குப் புதுப் பொண்ணுங்க. நாளைக்கு எலும்பத் திருப்பிக் குடுத்துடச் சொல்லு, எண்ணிப் பாத்துக்கறேன்" என்றான்.

"வாய மூடுடா" என்றேன்.

சார் சிரிக்கவில்லை. "மூணு வாரம் பாப்போம் அக்கா. நீங்க அவன வழிக்குக் கொண்டு வந்துட்டா இருக்கட்டும். இல்லன்னா அவனுக்கு வேற எடம்தான்" என்றார்.

மூன்று வாரம். நான் என்னதான் செய்யவில்லை? பாறைகளை எல்லாம் இடம் மாற்றி அடுக்கினேன். சொந்த இடம் அடையாளம் தெரியாமல் போனால் முரட்டு மீன்கூடக் கொஞ்சம் தயங்கும். ஒருநாள் தயங்கினான். தொட்டிச் சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தேன், தன் உருவத்தோடு சண்டை போட்டுக் களைக்கட்டும் என்று. உதடு கிழிய முட்டினான். எனக்குத் தாங்கவில்லை, எடுத்துவிட்டேன். கடல் முள்ளெலிகளை ஓட்டோடு போட்டு, உடைத்துத் தின்கிற வேலையிலேயே பகல் முழுக்க வைத்திருந்தேன். தின்று முடித்துவிட்டு ஒரு கிளிமீனைக் கிழித்தான். ஓட்டை போட்ட கூடைக்குள் அவனைப் பத்து நாள் அடைத்து, மற்ற மீன்கள் பழகட்டும் என்று தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். பத்து நாளும் கூடையின் மூலையில் ஒரே இடத்தைப் பார்த்துக் கிடந்தான். நான் கை நீட்டினால் வரவில்லை. அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை, அம்மா. தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் வாய் ஓதும், மனம் கூடையில் இருக்கும். பதினோராம் நாள் திறந்துவிட்டேன். என் உள்ளங்கைக்கு வந்தான். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மீன்.

சார் அவனைக் கொல்லப் போகிறார் என்று பயந்ததாக முதலில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அடித்துவிடுங்கள். கொல்வதாக அவர் சொல்லவே இல்லை. மொம்பாசாவில் ஒரு காட்சிக்கூடத்தில் அவனுக்கென்று தனித் தொட்டி பேசி வைத்திருந்தார். நம்முடையதைவிடப் பெரியது. என்னைக் கூட்டிப் போய்க் காட்டவும் செய்தார்.

"பாருங்க, ராஜா மாதிரி இருப்பான். மாசம் ஒரு தடவ நானே உங்கள வண்டியில கூட்டிட்டு வர்றேன்" என்றார்.

"அவன் என்னத் தேடுவான் சார்."

"மீன் அக்கா அது. சோறு யாரு போட்டாலும் வரும்."

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். திரும்பி வருகிற வழியில் லிகோனி படகில் எனக்கு வறுத்த முந்திரி வாங்கிக் கொடுத்தார். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மாற்றுவதாக முடிவு. மொம்பாசா வண்டி வருகிறவரை அவனை விடுவதற்குப் பின்கட்டில் ஒரு சிறு தொட்டி உண்டு. நோயுற்ற மீன்களுக்காக நான் வைத்திருப்பது, பாறைத் துண்டுகள் போட்டது. அந்தக் கற்களை வெளியே எடுத்துவிட்டுத்தான் பெரிய மீனை விட முடியும். கல் எடுக்கிற வேலையை சாரே செய்வார். என் முதுகு வலிக்கும் என்று பாரமானதைத் தூக்க என்னை விடமாட்டார். கையுறை போட்டால் கல் வழுக்குகிறது என்பார்.

வியாழக்கிழமை கோம்போவிடம் ஒரு கல்மீன் கேட்டேன். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பாசி பிடித்த கல் மாதிரி அசையாமல் கிடக்கும். முதுகில் பதிமூன்று முள், அடியில் விஷம்.

"அத யாருக்கு அக்கா வெக்கப்போற? பக்கத்து வீட்டுக்காரிக்கா?" என்றான்.

"விருந்தாளிங்க பாக்கணும்னாங்க."

"தொட்டுக்கிட்டுத் தொலையாத. ஒனக்கப்புறம் எனக்கு யாரு கடன் தருவா?"

கொண்டுவந்து கொடுத்தான். அவனுக்கு வேறு எதுவும் தெரியாது, அவனை விட்டுவிடுங்கள். கற்களுக்கு நடுவே இன்னொரு கல்லை வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான் என்று இரண்டு நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் செத்துப்போனார், ஆனால் சாகடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஒரு மாதம் அவர் கை தண்ணீருக்குள் போகாமல் இருந்தால் போதும், அதற்குள் சுல்தானைத் திருத்திவிடலாம் என்றிருந்தேன். நம்புங்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் விடுதி காலியாகிவிடும். கரையோரத்து ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். ஓட்டுநர் ரஷீதும் போயிருந்தார். சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கல் எடுக்கத் தொடங்கினார். நாலாவது கல்லில் கத்தினார். உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் நிறைய இடத்தில் குத்தியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை வீங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அக்கா இது? என்ன பண்ணணும்? சொல்லுங்க, உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்குத் தெரியும். இந்தக் கரையில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் கையை அமிழ்த்தி வைக்க வேண்டும். சூடு அந்த விஷத்தை முறிக்கும். மலைநாட்டு ஆட்களுக்கு அது தெரியாது.

சமையலறைக்குப் போனேன். ஓடவில்லை. சமையல்காரி நஃபூலா, கடலே இல்லாத புசியாவிலிருந்து வந்தவள், தேநீருக்குப் பெரிய பானையில் தண்ணீர் வைத்திருந்தாள். நான் குளிர்பெட்டியைத் திறந்து வாளியில் ஐஸ் அள்ளினேன்.

"எதுக்கு அக்கா இவ்வளவு ஐஸ்? கல்யாண வீடா?"

"சார் கையில என்னமோ குத்திருச்சு."

"ஐயோ. கழுவிவிடச் சுடுதண்ணி தரட்டா? இந்தா, கொதிக்குது பாரு."

பானை எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. ஆவி முகத்தில் பட்டது. அந்த நேரத்தில் நினைத்ததைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சுல்தானை நினைக்கவில்லை. மகளை நினைக்கவில்லை. கை ஆறிவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வருவாரே என்று நினைத்தேன்.

"வேணாம். ஐஸ் போதும்" என்றேன்.

வாளியை அவர் மடியில் வைத்து, கையைப் பிடித்து உள்ளே அமுக்கினேன். உதடு வெளுத்திருந்தது, மூச்சு வாங்கியது. ரஷீத் தொழுகை முடிந்து வண்டியோடு வருகிறவரை முக்கால் மணி நேரம் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐஸ் உருக உருக மாற்றிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, "வலி கொறையுதா சார்?" என்று கேட்டேன்.

"கொறையுது அக்கா" என்றார்.

குறையவில்லை. நான் வருத்தப்படக் கூடாது என்பதற்காக அப்படிச் சொன்னார்.