அண்ணாச்சிக்கு நான் வாசித்த கடிதங்கள்

புதிதாக வேலைக்குச் சேருகிறவன் முதல் மாதம் செருப்புச் சத்தம் கேட்கும்படி நடக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன். அடுத்த திங்கட்கிழமை நம் ஆபீசில் இரண்டு பேர் புதிதாகச் சேருகிறார்களாமே. அவர்களுக்கு நடத்தை விதி எழுதித் தரச் சொல்லத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துச் சந்தோஷமாக வந்தேன், மேனேஜர் ஐயா. உங்கள் மேஜைமேல் கண் டாக்டர் சத்தியநேசனின் இரண்டு கடிதங்களும் இருந்ததைப் பார்த்த பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது. பரவாயில்லை. அவற்றை ஃபைலில் சேர்த்து வைத்ததே நான்தான். ஆபீசுக்கு வந்த காகிதத்தைக் கிழிக்க எனக்கு மனசு வராது.

போன ஆவணியில், கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து பிறந்த முதல் வாரத்தில், இந்தத் தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பெயர் சிவதாணு. ஊர் நாஞ்சில் நாட்டில் தாழக்குடி. கிழக்கேகோட்டைப் பக்கம் ஓர் அறை எடுத்திருந்தேன். ஒன்பதரைக்குத் திறக்கும் ஆபீசுக்கு ஒன்பதுக்கே வந்து எல்லா மைக்கூட்டையும் நிரப்பி வைப்பேன். அடுத்தவர் சாப்பாட்டுப் பாத்திரத்தை எட்டிப் பார்க்க மாட்டேன். மலையாளத்தில் கேட்டால் மலையாளத்தில் பதில், தமிழில் கேட்டால் தமிழில். கேட்காவிட்டால் இரண்டிலும் வாய் திறக்க மாட்டேன். ஹெட் கிளார்க் பகவதிப்பெருமாள் பிள்ளைக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவரும் நாஞ்சில் நாட்டுக்காரர்தான். இரண்டாம் நாளே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

நம் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி முடித்த கடிதத்தை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். இன்னொருவர் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் வாசிப்பேன், அண்ணாச்சி ஒப்புப் பார்ப்பார். நான்காம் நாள் கவனக்குறைவாக ஒரு முழு வரியைத் தாண்டி வாசித்துவிட்டேன். அண்ணாச்சி "சரி, மேலே போ" என்றார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. மறுநாள் நகலைத் தலைகீழாகக் கொடுத்தேன். விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தவர், பக்கத்தின் அடியில், அதாவது உச்சியில், கையெழுத்துப் போட்டார்.

நடத்தை கெட்டவனாக இருந்தால் இதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பான். நான் எல்லாரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, காயிதம் தலைகீழா இருக்கு."

அவர் தோளில் கிடந்த நேரியலால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கண்ணு சின்னதிலயே அம்மையில போச்சு மக்கா. மத்ததுல திரை விழுந்திருக்கு. முத்துன பொறவு கீறி எடுத்திரலாம், பார்வை வந்திரும்னு டாக்டர் சொல்லியாச்சு. மதராசுக்குப் போயிருக்காரு. வந்ததும் தேதி வச்சு ஆபீசுக்குக் காயிதம் போடுவாரு. அதுவரைக்கும் வெளிய தெரிய வேண்டாம், கேட்டியா?"

வெளியே தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் பார்க்க வேண்டிய காகிதம் எல்லாவற்றையும் நானே வாசித்தேன். தோட்டத்திலிருந்து வரும் அறிக்கை, லாரிக்காரன் சீட்டு, துரை எழுதிய கோபக் கடிதம், எல்லாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவ்வளவு கவனம் என்று மற்றவர்கள் மெச்சினார்கள். காலையில் என் காலடி கேட்டதும் அவர் முகம் மலரும். என் ஆயுசில் என் வரவுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. எனக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம்.

புரட்டாசியில் டாக்டரின் முதல் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் நாலே வரி. நீங்களும் படித்திருப்பீர்கள். திரை முற்றிவிட்டது, வருகிற வியாழக்கிழமை வரவும், தள்ளிப்போட்டால் கண் கெட்டுப்போகும், பிறகு என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணாச்சிக்குப் பார்வை வந்துவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை, சொல்லுங்கள். மறுபடியும் மைக்கூடு நிரப்ப வேண்டியதுதான். அதனால் இப்படி வாசித்தேன்: "இன்னும் முற்றவில்லை. தை மாதம் வந்தால் போதும். அதுவரை அவசரப்பட வேண்டாம்." டாக்டருக்கு அண்ணாச்சி பெயரில் மரியாதையாக ஒரு பதிலும் போட்டேன், சொந்த ஊரில் வைத்தியம் பார்த்துக்கொள்வதாக. வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போடுவது என் பழக்கம். டாக்டர் நல்ல மனுஷர், விடாமல் ஐப்பசியில் இன்னொன்று எழுதினார். அதையும் அதேபோல வாசித்தேன்.

மார்கழியில் கண் வலி தொடங்கிற்று. ஒருநாள் அவர் மனைவி பொன்னம்மை அக்கா ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"காயிதமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நேர ஒரு நடை போயிக் காட்டிட்டு வாங்க," என்றாள்.

"தையிலன்னு எழுத்துல போட்டிருக்குட்டீ. முப்பது வருசமா காயிதத்தைப் பாத்து ஆபீசு நடத்துனவனாக்கும் நான். தாணு, இன்னொரு தடவை வாசி மக்கா, இவளும் கேக்கட்டு."

வாசித்தேன். முதலில் வாசித்த அதே வார்த்தைகள், ஒன்றுகூடப் பிசகாமல். ஞாபகசக்தி இல்லாதவன் இந்த வேலைக்கு வரக் கூடாது. வலி இருந்தால் முற்றுகிறது என்று அர்த்தம், நல்ல அறிகுறிதான் என்று அக்காவிடம் நானே ஆறுதலும் சொன்னேன். அக்கா கும்பிட்டுவிட்டுப் போனாள்.

தை பிறந்து மூன்றாம் நாள் அண்ணாச்சி காலை வெயிலில் உட்கார்ந்துகொண்டு, விளக்கு ஏற்றவில்லையா என்று அக்காவிடம் கேட்டாராம். அன்று அவர் டாக்டரைப் பார்க்கப் புறப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. இப்போதுதான் கடிதம் வந்தது அண்ணாச்சி என்று ஒரு வெறும் தாளை எடுத்து வாசித்தேன். பார்வை முழுக்கப் போயிருந்தால் இனி வந்து பயனில்லை, ஆண்டவன் துணையிருப்பான், மனதைத் தேற்றிக்கொள்ளவும். நான் வாசித்ததிலேயே அழகான கடிதம் அதுதான். அண்ணாச்சி அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் அவரிடம்தான் இருக்கும்.

போன வாரம் சாலைக் கடைத்தெருவில் டாக்டரும் பொன்னம்மை அக்காவும் தற்செயலாகச் சந்தித்திருக்காவிட்டால் உங்களுக்கு இந்த அலைச்சல் இருந்திருக்காது. ஆமாம், அவருக்கு வந்திருக்க வேண்டிய பார்வையை வரவிடாமல் செய்தவன் நான்தான். ஆனால் அவரை நான் ஒருநாள்கூடத் தடுக்கி விழ விட்டதில்லை. தினமும் கையைப் பிடித்து வீடுவரை கொண்டு போய் விட்டேன். வருகிற இருவரிடம் அந்தப் பொறுமை இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஹெட் கிளார்க் நாற்காலியை நான் பறித்துக்கொண்டதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். வேலையை விட்ட அன்று அண்ணாச்சியே வாய்விட்டுச் சொல்லி ஒரு சிபாரிசுக் கடிதம் எழுத வைத்தார். "என் கண் போன நாள்முதல் எனக்குக் கண்ணாக இருந்தவன் தாணு. என் இடத்தை அவனுக்கே கொடுக்க வேண்டும்." சொல்லும்போது அவர் அழுதார். எழுதி முடித்து, வாசித்துக் காட்டி, விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் கையெழுத்து வாங்கினேன். அதில் ஓர் எழுத்தைக்கூட நான் கூட்டவோ குறைக்கவோ இல்லை. ஒருவர் சொன்னதை மாற்றி எழுதுவது குமாஸ்தாவுக்கு அழகல்ல, ஐயா.