பெயர் கேட்காத அறை

ஓடுகிறேன். பின்னால் டப், டப் என்று இரண்டு. அடுத்து ஒரு பெரிய சத்தம். "படு! கீழ படு!" யாரோ கத்துகிறார்கள். சரளைக்கல்லில் குப்புற விழுகிறேன். வாயெல்லாம் மண்.

வெறும் பயிற்சி வெடி. தெரியும். பாப்பிரெட்டிப்பட்டிக்கு மேலே, சித்தேரி மலையடிவாரம். ராணுவ உளவுப் பிரிவின் இளம் அதிகாரிகளுக்குக் கைதியைப் பிடித்துவைக்கவும் விசாரிக்கவும் பயிற்சி. நான் பொய்க் கைதி. வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போனேன். அங்கே போர் வெடித்தது. ஓர் ஆயுதக் குழுவிடம் நிஜக் கைதியாகவே இருந்தவன். அதனால்தான் கூப்பிட்டார்கள். மூளைக்கு எல்லாம் புரிகிறது. கைகளுக்குப் புரியவில்லை. தலையைப் பொத்திக்கொள்கின்றன.

தகரக் கொட்டகைக்குள் தள்ளுகிறார்கள். தலையில் சாக்கு. உர வாடை. எதிரே ஒரு லெப்டினன்ட். சின்னப் பையன் குரல், சேலத்துப் பேச்சு.

"ஆயுதத்த எங்கடா வெச்சிருக்க? சொல்றா!"

மேசையில் குத்துகிறான். டம்.

அங்கேயும் இப்படித்தான். ஓர் அறையில் ஏழு பேர் இருந்தோம். என் பக்கத்தில் இண்டூர் ஆரோக்கியம். என்னோடு லாரி ஓட்டியவன். எங்கள் பெயரை ஒருவனும் கேட்கவில்லை. கேள்வியும் அடியும் மட்டும். ஒரு நாள் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. ஆரோக்கியத்தின் தலையில் சாக்கைப் போட்டு இழுத்தார்கள். "மேரிகிட்ட சொல்லுடா!" என்று கத்தினான். என்ன சொல்ல? அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். அப்படி ஒருவனைப் பிடித்ததாகவே பதிவு இல்லை என்று பிறகு அந்தக் குழுவினர் கைவிரித்தார்கள். இன்றும் அவன் மனைவி மேரி அவன் பேரில் பூசைக்குக் காணிக்கை கொடுக்கும்போது, உயிரோடிருப்பவரின் உடல்நலத்துக்கா, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்கா என்று சாமியார் கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் அழுகிறாள்.

"எங்கடா ஆயுதம்?"

சாக்கைப் பிடுங்கி எறிந்தேன். "யோவ், மொதல்ல பேரக் கேளுய்யா! எந்த ஊரு, வூட்ல யாருன்னு கேட்டு எழுதுய்யா!"

விசில். பயிற்சி நின்றது. முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதானாம். அவசரத்தில் மறந்துவிட்டானாம். அவசரம்! எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

"உங்க பேருங்க?"

"மாதப்பன். பொம்மிடி."

"கூட யாருங்க இருந்தாங்க?"

சொல்வதற்கென்று பொய்ப் பெயர்கள் கொடுத்திருந்தார்கள். வாயில் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

ஏழு பேர் இருந்தோம். மூன்று பேர் திரும்பினோம். நான்கு பேர் இல்லை. ஒருவன் ஆரோக்கியம், இண்டூர், மனைவி மேரி. மற்ற மூவருக்கும் ஊர் இருந்திருக்கும். வாசலில் யாராவது காத்திருப்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேசினால் அடித்தார்கள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.