இரண்டாவது மிதி

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை மேலே படிவத்தில் எழுதப்பட்டிருப்பது சரியே. வயது ஐம்பத்து நான்கு. எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, வண்டிக்காரம்மா வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கொண்டுவந்து விடும். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டவுமில்லை. லாக்கப்பில் இருக்கும் மெக்கானிக் என் கணவரின் தம்பி. அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல நானாகவே வந்திருக்கிறேன்.

விபத்துக்குள்ளான பச்சை நிறப் பிக்கப் வண்டி என் கணவருடையது. அது என்னைவிட மூன்று வயது மூத்தது. உடைக்கப் போட்டிருந்ததை வாங்கி வந்து, பதினோரு வருடம் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் செய்து, அதை ஓட வைத்தார். அந்த வண்டியை என் சக்களத்தி என்றுதான் சொல்வேன், அவரும் மறுக்கமாட்டார். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே நானும் வேலை கற்றுக்கொண்டேன், ஓட்டவும் அதில்தான் கற்றேன். அதன் பிரேக் முதல் மிதியில் பிடிக்காது, பெடல் சும்மா உள்ளே போகும். காலைத் தூக்கி மறுபடி மிதித்தால்தான் வண்டி நிற்கும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துவிட்டது, புதிது போடலாம் என்று தம்பி எத்தனையோ தடவை சொன்னார். வண்டியோடு பிறந்ததை மாற்றமாட்டேன் என்று என் கணவர் ஒரே பிடியாக இருந்தார். மிதிக்கும்போது வாய்க்குள்ளேயே "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொள்வார்.

இரண்டு வருடம் முன்பு அவர் மாரடைப்பால் இறந்தார். அதன் பிறகு வண்டியைக் கழுவித் துடைத்து வாரம் இரண்டு நாள் நானே ஓட்டி வந்தேன். முதல் மாதத்திலேயே, நான் பிரேக்கை மிதிக்கும்போது பக்கத்து சீட்டிலிருந்து அவர் எண்ணுவது கேட்டது. பைத்தியம் என்று எழுதிக்கொண்டாலும் சரி, கேட்டதைக் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். எனக்குப் பயமாக இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில்கூட வேண்டுமென்றே நிறுத்துவேன், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள்.

சென்ற மாதம் தம்பி என் பேச்சைக் கேட்காமல் வண்டியைத் தன் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் புதிய சிலிண்டர் போட்டுக் கொண்டுவந்து, "அண்ணி, இனிமே ஒரே மிதிதான், கல்லு மாதிரி நிக்கும்" என்றார். நின்றது. அதன் பிறகு எட்டு நாள் ஓட்டினேன். ஒண்ணு கேட்கும், அதற்குள் வண்டி நின்றுவிடும். ரெண்டு வரவே இல்லை. ஒன்பதாம் நாள் ஒண்ணும் வரவில்லை. அவர் செத்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அதன் பிறகு தம்பியின் பட்டறைக்குப் போய், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று பழைய சிலிண்டரைக் கேட்டு வாங்கி வந்து, மத்தியானம் கேட்டைச் சாத்திக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து நானே அதை மாட்டினேன். கழற்றிய புதிய சிலிண்டரை இன்று இங்கே ஒப்படைத்திருக்கிறேன். மாட்டிய பிறகு தெருமுனை வரை ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் கேட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்குப் போக வேண்டியிருந்தது. எனக்குக் கை சுளுக்கியிருந்ததால் தம்பி ஓட்டினார், நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். காலை ஒன்பதேகால் மணிக்குப் பஸ் ஸ்டாப் சரிவில் இறங்கும்போது தையல்காரர் ஒருவர் துணி மூட்டையுடன் சாலையைக் கடந்தார். வீட்டிலிருந்து அதுவரை பிரேக் தேவைப்படவில்லை. தம்பி நல்ல தூரத்திலேயே பிரேக்கை மிதித்தார். பெடல் உள்ளே போயிற்று. தான் போட்ட புதிய சிலிண்டர் இருக்கிறது என்று நம்பி, காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார். "காலைத் தூக்கி இன்னொரு மிதி மிதிங்க தம்பி!" என்று கத்தினேன். அவர் மிதித்தார். வண்டி நின்றது. அதற்கு முன்பே தையல்காரர் கீழே விழுந்துவிட்டார்.

தம்பி உடனே இறங்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு இறங்கி ஓடினார்.

தையல்காரர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதன் பிறகு தம்பி இந்த நிலையத்துக்கு வந்து, புதியது போட்டேன் என்று அண்ணியை ஏமாற்றிவிட்டுப் பழையதையே கழுவி மாட்டினேன் என்று எழுதிக் கொடுத்ததாக அறிந்தேன். பார்க்கப் போனபோது, "அண்ணன் உங்களைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போயிருக்காரு. பேசாம வீட்டுக்குப் போங்க" என்றார். அவர் எழுதிக் கொடுத்தது பொய். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். நானும் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தேன், அதற்கு என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன்.

பிணவறை வாசலில் தையல்காரரின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மெக்கானிக் பண்ணின துரோகத்துக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க? நீங்களும் அந்த வண்டியிலதானே இருந்தீங்க" என்று சொல்லி, தன் தண்ணீர் பாட்டிலை எனக்குக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். அங்கிருந்து வீட்டுக்குப் போய்ப் புதிய சிலிண்டரை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன்.

வண்டியை என்ன செய்வது என்று அதிகாரி கேட்டார். அது நீதிமன்றத்தின் விருப்பம். அந்த நாளுக்குப் பிறகு நான் அதில் ஏறவில்லை.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. பழைய சிலிண்டரை மாட்டியதைத் தம்பியிடம் "சொல்ல மறந்துவிட்டேன்" என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்காக இரக்கப்பட்டு எழுதியிருக்கலாம். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். நான் மறக்கவில்லை. வண்டியில் ஏறும்போது ஞாபகம் இருந்தது, சரிவு வரும்போதும் ஞாபகம் இருந்தது. சொன்னால் அங்கேயே நிறுத்திக் கழற்றிவிடுவார் என்றுதான் சொல்லவில்லை. அடித்த இடத்தின் பக்கத்தில் சிறு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)