கப், பெட், மொப்

சீதாலெட்சுமி: ...மெதுவாப் பேசுங்கக்கா. உள்ள பிள்ளைங்க காதுல விழும்.

ராக்காயி: நான் எங்க டீச்சர் கத்துனேன்? மலையிலேர்ந்து ஓடி வந்ததுல மூச்சு வாங்குது.

சீதாலெட்சுமி: தேயிலைக் கொழுந்து எடுக்கிற நேரத்துல எறங்கி வந்திருக்கீங்க. கங்காணி ஏசமாட்டாரா?

ராக்காயி: வயித்தவலின்னேன். என்னையக் கண்டாலே அந்தாளுக்குத்தான் வயித்தவலி. போ, போன்னுட்டாரு.

சீதாலெட்சுமி: உங்க மக மீனம்மா ஏன் வரல இன்னிக்கு?

ராக்காயி: காச்சலு. லயத்து வீட்ல சுருண்டு கெடக்கா.

பிள்ளைகள்: டீச்சர்! ஏ, ஈ, ஐ, ஓ, யூ... எழுதிட்டோம்!

சீதாலெட்சுமி: சரி. அந்த அஞ்சும் உயிரெழுத்து. மத்ததெல்லாம் மெய். நடுவுல உயிர் வந்தாத்தான் வாய்ல சொல்லு வரும். எங்க... சி, யூ, பி?

பிள்ளைகள்: கப்!

சீதாலெட்சுமி: பி, ஈ, டி?

பிள்ளைகள்: பெட்!

சீதாலெட்சுமி: எம், ஓ, பி?

பிள்ளைகள்: மொப்!

ஒரு பிள்ளை: டீச்சர், இவ வாயே தொறக்கல!

சீதாலெட்சுமி: சும்மா இரு. எல்லாத்தையும் திரும்ப எழுதுங்க. நான் வாசல்லதான் நிக்கிறேன்.

ராக்காயி: மீனாவும் வீட்ல இதேதான். பானையத் தொட்டு பொட்டுங்கிறா. தரை தொடைக்கிற துணியத் தூக்கிக் காட்டி மொப்புங்கிறா. அவங்கப்பா சிரிச்சுச் சிரிச்சு...

சீதாலெட்சுமி: கெட்டிக்காரி அவ.

ராக்காயி: பூனைக்கு இங்கிலீசு இல்லையா டீச்சர்?

சீதாலெட்சுமி: ஏன் இல்லாம? கேட்.

ராக்காயி: சூரியனுக்கு?

சீதாலெட்சுமி: சன். அதுவும் மூணெழுத்துதான்.

ராக்காயி: பின்ன அதெல்லாம் ஏன் சொல்லிக் குடுக்கல? கப்பு, பெட்டு, பொட்டு, மொப்பு... எல்லாமே வேலைக்காரி கைபடுற சாமானா இருக்கே.

சீதாலெட்சுமி: ...அது... சுலபமான சொல்லுக்கா.

ராக்காயி: கொழும்புலேர்ந்து ஒரு அம்மா கார்ல வர்றாங்களாம். கொழுந்து நிறுக்கிற எடத்துல பேசிக்கிட்டாங்க.

சீதாலெட்சுமி: பள்ளிக்கூடம் பாக்க வர்றாங்க. சும்மா.

ராக்காயி: போன வருசமும் சும்மாதான் வந்தாங்க. வீரய்யா மகளக் கூட்டிட்டுப் போனாங்க. தீவாளிக்கு வருவான்னாங்க, பொங்கலுக்கு வருவான்னாங்க... அவ ஆத்தா இன்னும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருக்கா.

சீதாலெட்சுமி: நல்லா இருப்பாக்கா. பெரிய வீடு...

ராக்காயி: நீங்க போய்ப் பாத்தீங்களா?

சீதாலெட்சுமி: ...இல்ல.

ராக்காயி: அவளுக்கும் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? கப்பு... பெட்டு...

சீதாலெட்சுமி: அக்கா, கைய விடுங்க. வலிக்குது.

ராக்காயி: விட்டுட்டேன். இப்பச் சொல்லுங்க.

பிள்ளைகள்: டீச்சர்! கார் சத்தம் கேக்குது!

சீதாலெட்சுமி: உக்காருங்க! யாரும் எந்திரிக்கக் கூடாது! ...கீழ்க் கொண்டை ஊசி வளைவுல திரும்புறாங்க. ஐயோ... இவ்வளவு சீக்கிரமா...

ராக்காயி: சும்மா பாக்க வர்றவங்களுக்கா இப்படிப் பதறுறீங்க?

சீதாலெட்சுமி: அந்தச் சொல்லெல்லாம் நானா எடுத்தது இல்லக்கா. கங்காணிக்கும் மேல இருக்காரே கண்டாக்கையா, அவரு சொன்னது. இதைச் சொல்லிக் குடு, இது போதும்னாரு. தோட்டத்துல அவரு வச்சதுதானே சட்டம்?

ராக்காயி: ம்.

சீதாலெட்சுமி: அந்தம்மா வீட்டு வேலைக்கு ஒரு கெட்டிக்காரப் பிள்ளை பேரு குடுன்னாரு. குடுக்கலன்னா பள்ளிக்கூடத்தைப் பூட்டிருவேன், நீ உன் ஊரு ஹட்டனுக்கே போயிருன்னாரு. நான்... மீனம்மா பேரைக் குடுத்துட்டேன்.

ராக்காயி: ம்.

சீதாலெட்சுமி: அடிங்கக்கா. ஏசுங்க. இப்படி நிக்காதீங்க... பின்பக்கமா ஓடுங்க! மீனம்மாவைத் தூக்கிட்டுத் தேயிலைக்குள்ள எறங்கி டிக்கோயா ஆசுபத்திரிக்குப் போயிருங்க. காச்சல் பிள்ளைய அந்தம்மா கேக்க மாட்டாங்க. நான் கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்து வைக்கிறேன். ஓடுங்கன்னா!

ராக்காயி: பேரு குடுத்தது நீங்கதான்னு நேத்தே தெரியும் டீச்சர். மீனா லயத்துல இல்ல. விடியக் காலையிலேயே எங்கண்ணன் அவரு ஊரு நோட்டன் பிரிட்ஜுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. கார் நின்னுருச்சு... உள்ள இத்தன பிள்ளைங்க உக்காந்திருக்கு. இப்ப யாரு பேரச் சொல்லப் போறீங்க? அதைக் கேக்கத்தான் வந்தேன்.