பத்துமலையின் வீட்டைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

என் பெயர் பியாட்ரிஸ், த/பெ சூசைநாதன். வயது 24. சிம்பாங் பூலாயில் அம்மாவுடனும் தம்பி டொமினிக்குடனும் குடியிருக்கிறேன். ஈப்போவில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருக்கிறேன். இன்று 18.2.1980 காலை, யாரும் அழைக்காமல் நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

மூன்றாம் படிவ எஸ்.ஆர்.பி. தேர்வில் தவறி அரசுப் பள்ளியில் இடம் இழந்த ஏழைப் பிள்ளைகளில் ஒருவருக்கு எங்கள் பள்ளி ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் தருகிறது. இவ்வாண்டு கடைசியில் இருவர் நின்றார்கள். ஒருவர் காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவும் பத்துமலையின் மகள் நவமணி. மற்றவன் என் தம்பி. எங்கள் வீட்டை வேறொரு கிராணி பார்த்து அறிக்கை எழுதினார். நவமணியின் வீட்டுக்கு நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

12.1.1980 சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டின் முன்னறையில் இரண்டு மெத்தை நாற்காலிகள், ஒரு டெலிவிஷன், ஒரு மேசை விசிறி இருந்தன. பத்துமலையின் மனைவி வீரம்மா பூப்போட்ட கோப்பையில் மைலோ கொடுத்தார். அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "அக்கா, என் கிப்பாஸ எப்ப தருவ? மாமியாவுக்கு வேர்த்துப் போய் என்னையப் போட்டு ஏசுதுலா" என்று மேசை விசிறியைக் காட்டிக் கேட்டார். அதற்கு வீரம்மா, "டீச்சர் போவட்டும்டி. ஒன் மாமியா ஒன்னும் உருகிப் போயிடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் ஆயர் தாவார் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். வெளியாள் ஒரு வீட்டுக்கு வந்தால் லயமே சாமான் தூக்கிவந்து வைக்கும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வந்த பாதிரியார் உட்கார்ந்த நாற்காலியும் இரவல்தான்.

அதன் பிறகு பள்ளிக்குத் திரும்பி, அறிக்கையில் சொந்தச் சாமான்கள் என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். இரவல் என்று எழுதவில்லை. அதன்பேரில் நவமணியின் மனு தள்ளப்பட்டு, இடம் டொமினிக்குக்குக் கிடைத்தது. 21.1.1980 முதல் அவன் பள்ளிக்கு வருகிறான். முதல் நாள் அவன் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன்.

அதன் பிறகு, பத்துமலை வருமானத்தை மறைத்துப் பொய் மனு கொடுத்ததாகப் பள்ளி நிர்வாகம் புகார் செய்தது. சென்ற வியாழக்கிழமை அவர் அலுவலகத்துக்கு வந்து என் மேசை முன் நின்றார். "போலீசுல கூப்புட்டிருக்காங்கம்மா. நீங்கதான் வீட்ட வந்து பார்த்தீங்களே, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். என் அறிக்கைதான் காரணம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வேலை இருக்கிறது என்றேன். அவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்துமலை மனுவில் காட்டிய சம்பளம் சரியானது. பொய் என்னுடையது. இதனால் என் வேலை போகலாம், டொமினிக் பள்ளியை விட்டு நிற்க நேரலாம் என்பதை அறிந்தே சொல்கிறேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று காலை அவனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு இங்கே வந்தேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் போலீஸ் கோப்ரல் எனக்கு வாசித்துக் காட்டினார். அறிக்கையைப் பற்றிய இடத்தில், நான் கவனக்குறைவால் அப்படி எழுதியதாகக் குறித்திருந்தார். அதை அடிக்கச் சொன்னேன். தெரிந்தே எழுதினேன். அடித்ததுபோக மீதி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சூ. பியாட்ரிஸ்